மேட்டில் ஒரு ஸ்டேஷன்

போன வாரம் அந்தப் பேய்மழையில் என் தங்கை போனை எடுக்கவில்லை.

போன் வந்தாலே பயப்படுகிறவன் நான். எடுக்கவில்லை என்றால்? வில்லியனூர் பக்கம் ஒரு செம்மண் குவாரி ஊரில் வாக்கப்பட்டிருக்கிறாள். வீடே பள்ளத்தில். கிருமாம்பாக்கத்திலிருந்து வண்டியைக் கிளப்பினேன். வழியெல்லாம் மனசுக்குள் அவளை நாலு தடவை மூழ்கடித்துவிட்டேன்.

ஊருக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர். ஒரு வீட்டிலும் ஆளில்லை. நிமிர்ந்து பார்த்தேன் — மேலே ரயில்வே ஸ்டேஷனில் அடுப்புப் புகை.

ரயில் நின்றுபோன ஸ்டேஷன் அது. செம்மண் ஏற்றுவதற்காகப் போட்ட கிளைப் பாதை; கூடவே ஆட்களும் ஏறிப் போவார்கள். லாரிகள் வந்ததும் ரயிலுக்கு வேலை போனது. தண்டவாளத்தையும் பெயர்த்து எடுத்துப் போனார்கள். மிச்சம், குன்று மாதிரி ஒரு மேட்டின் மேல் சின்னக் கட்டடமும் பிளாட்பாரமும்.

ஏறிப் போனேன். மொத்த ஊரும் பிளாட்பாரத்தில். டிக்கெட் கவுன்டருக்குள் ஆடுகள். தங்கை அண்டாவில் சோறு கிளறிக்கொண்டிருந்தாள்.

"இன்னாண்ணா, இப்டி நனைஞ்சிக்கினு வந்திருக்க?"

"போன் இன்னாடி ஆச்சு?"

"சார்ஜ் இல்ல. உனக்கு பதில் சொல்றதுக்குன்னு தனியா கரண்ட்டு வருமா?"

அப்பாடா என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் அடுத்த கவலை. தங்கை வீட்டுக்காரரிடம் கேட்டேன்: "இம்மாம் பெரிய மேட்டை யாரு மாப்ளே கட்டினது? சரிஞ்சிடாதே?"

"எவனும் கட்டல மச்சான். இது மேடே இல்ல. ஊரு மட்டமே இதான்."

எனக்கு மண்டையில் ஏறவில்லை. கையை நீட்டிக் காட்டினார். ரயில்வே இடத்தில் மட்டும் கடப்பாரை வைக்கக் கூடாதாம். மற்ற இடமெல்லாம் வெட்டினார்கள். அவருடைய தாத்தா வீட்டை விட்டு இறங்கி, சமதரையில் நடந்து வந்து ரயிலேறியவர். வெட்ட வெட்ட ஊர் கீழே போனது. வெட்டியவர்கள் அந்தப் பள்ளத்திலேயே வீடு கட்டிக்கொண்டார்கள். ஸ்டேஷன் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

பிளாட்பார விளிம்பில் போய் நின்றேன். என் காலுக்குக் கீழே வீட்டுக் கூரைகள். கால் மட்டத்துக்கு, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை... வெறும் காற்று. அத்தனையும் மண்ணாக இருந்த இடம். ஆடு மேய்ந்த இடம், ஆள் நடந்த இடம். நான் எட்டாவதோடு நின்றவன். படித்தவர்கள் இதற்கு என்ன பெயர் சொல்வார்களோ தெரியாது. எனக்குத் தோன்றியது இதுதான். ஒரு ஊர், தன் தரையையே ரயிலேற்றி அனுப்பியிருக்கிறதே!

தங்கையிடம் வந்தேன். "பேசாம எங்கூட கெளம்புடி. நம்ம வூட்டுல ஒரு சொட்டு ஏறாது."

அவள் கரண்டியை நிறுத்தவில்லை. "அங்க வந்தாலும் எங்க ஊரு மண்ணுமேலதான நிக்கணும்? உன் மனையை மேடாக்க அடிச்ச செம்மண்ணு எங்கேர்ந்து வந்துச்சாம்?"

"லாரியில ஏத்தி அனுப்புனதே நான்தான் மச்சான்," என்று மாப்பிள்ளை சிரித்தார். "தண்ணி வடிஞ்சதும் நாங்க எறங்கிக்கிறோம். நீ துண்ணுட்டுப் போ."

சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். என் வீடு காய்ந்து கிடந்தது. வாசலிலேயே செருப்பைக் கழற்றினேன்.

ஒரு ஊரின் மேல் கால் வைக்கிறோம் என்றால்... கொஞ்சம் மெதுவாகத்தானே வைக்க வேண்டும்?