ஜிப் வைக்காத பேன்ட்

ஐம்பத்தெட்டு வயசுல ஒரு ஆம்பளை பொண்டாட்டிகிட்ட வந்து, ஜிப்பு, கொக்கி எதுவும் இல்லாம எலாஸ்டிக் வெச்சு ஒரு பேன்ட் தைச்சுக் குடுன்னு கேட்டா என்னன்னு நினைக்கிறது? நான் தையல்காரி. அளவு எடுக்கிறப்ப யார் யார் எப்படி முழிப்பாங்கன்னு எனக்குத் தெரியும். எங்க வீட்டுக்காரர் முழிச்ச முழி சரியில்லை.

அவரு லிஃப்ட் மெக்கானிக். நின்னுபோன லிஃப்ட் ஓட ஆரம்பிச்சா, சின்னப்புள்ளை மாதிரி தானே ஏறி மேலயும் கீழயும் போயிட்டு வருவாரு. சாயங்காலம் வந்து எது கெட்டுப்போச்சு, எப்படிக் கண்டுபிடிச்சேன்னு விலாவாரியா சொல்லுவாரு. எனக்கு ஒண்ணும் புரியாது. ஆனா தையல் மிஷினை நிறுத்திட்டுக் கேப்பேன். ஒரு வருஷமா அந்தப் பேச்சே இல்லை. வருவாரு, சாப்பிடுவாரு, செவுத்தைப் பாத்துப் படுத்துக்குவாரு. வேற யார்கிட்டயோ பேசித் தீத்துட்டு வர்றாருன்னு எனக்குத் தோணிச்சு.

பேன்ட்டைத் தைச்சுக் குடுத்தேன். அதைப் போட்டுட்டுப் போயிட்டு வந்தவர் விரல்ல கல்யாண மோதிரம் இல்லை, சட்டைப் பையில கிடந்துச்சு. முழங்கை மடிப்புல பஞ்சு வெச்ச பிளாஸ்திரி. கேட்டா, பெரிய ஆஸ்பத்திரி லிஃப்ட்ல கம்பி கிழிச்சிடுச்சாம். கம்பி கிழிச்சா ஊசி குத்தின மாதிரி ஒரே புள்ளியாவா இருக்கும்? யார் காதுல பூ சுத்துறாரு?

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். எங்க பொண்ணு மூணு மாசம் முழுகாம இருக்கா. அன்னிக்கு வீட்டுக்கு வந்திருந்தா. அப்பான்னு ஆசையா பக்கத்துல போய் உக்காந்தா, இவரு விருட்டுன்னு எழுந்து எதிர் மூலைக்குப் போயிட்டாரு. அவ மறுபடியும் கிட்டப் போனா, இன்னிக்கு என்கிட்ட வராதேன்னுட்டாரு. அவ மூஞ்சி வாடிப்போச்சு. எனக்கு வந்துச்சே ஆத்திரம். என்னை ஏமாத்தினா நான் பாத்துக்குவேன், வயித்துப்புள்ளைக்காரி என்ன பாவம் பண்ணினா? கையில இருந்த துணியை வீசிட்டு, யாரு அந்தப் பொம்பளைன்னு நேராவே கேட்டுட்டேன்.

அப்பறம்தான் வாயைத் திறந்தாரு. ஆஸ்பத்திரி லிஃப்டுக்குள்ள ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்ததாம். மூளைக்குள்ள டோபமைன்னு ஒண்ணு இருக்காம், ஆசை, ஆர்வத்துக்கெல்லாம் அது வேணுமாம். அதைப் பிடிச்சுக்கிற ஏற்பிகள் வயசாக ஆக எப்படி மாறுதுன்னு படம் எடுத்துப் பாக்கிற ஆராய்ச்சிக்கு ஆள் கேட்டிருக்காங்க. இவரு பேரைக் குடுத்துட்டாரு. ஒரு மிஷின் காந்தமாம், அதான் ஜிப்பும் மோதிரமும் கூடாது. இன்னொண்ணுக்குக் கொஞ்சம் கதிர்வீச்சு இருக்கிற மருந்தை ஊசியில ஏத்துவாங்களாம். அன்னிக்குப் பூரா கர்ப்பிணிங்க பக்கத்துல போகக் கூடாதாம்.

கதை நல்லாத்தான் இருக்கு, ஆனா கல்லு மாதிரி இருக்கிற மனுஷன் இதுக்கெல்லாம் எதுக்குப் போகணும்னு கேட்டேன்.

"இவ முழுகாம இருக்கேன்னு சொன்ன அன்னிக்கு நீங்க எல்லாரும் சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன். ஆனா உள்ள ஒண்ணுமே அசையல. லிஃப்ட் நின்னா போர்டைத் திறந்து பாக்கறேன்ல, அது மாதிரி பாத்துடலாம்னு போனேன்."

என்னதான் சொன்னாங்கன்னு கேட்டேன். வாலிபப் பையன் மூளைப் படத்தையும் வயசானவர் படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டினாங்களாம். பையனோடது நடுவுல பளிச்சுன்னு இருந்துச்சாம், மத்தது மங்கலாம். வயசானா எல்லாருக்கும் குறையும், அதை வெச்சு ஒருத்தருக்குச் சந்தோஷம் வருமா வராதான்னு சொல்ல முடியாதுன்னாராம் டாக்டர். இவரு நம்பல. என்னமோ மறைக்கிறாங்கன்னு இவருக்குச் சந்தேகம். நல்ல ஜோடிதான் நாங்க.

அப்பதான் பொண்ணு சொன்னா.

"அப்பா, எனக்கே இன்னும் சந்தோஷம் வரல. வாந்திதான் வருது. பயமா இருக்கு. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியாம இருந்தேன்."

அவரு எழுந்து நாலடி வந்துட்டாரு. ஞாபகம் வந்ததும் திரும்பிப் போய் அந்த மூலையிலயே உக்காந்துக்கிட்டாரு. அங்கேர்ந்தே, எப்ப ஆரம்பிச்சுது, எதைச் சாப்பிட்டா அதிகமாகுது, ராத்திரி தூங்குறியான்னு ஒண்ணொண்ணா கேட்டாரு, லிஃப்ட் ஏன் நின்னுச்சுன்னு வாட்ச்மேனைக் கேக்கிற மாதிரி. அவ கண்ணைத் துடைச்சுக்கிட்டு எல்லாத்துக்கும் பதில் சொன்னா.

நான் மிஷின்கிட்டப் போய் உக்காந்தேன். தைக்கல, கேட்டுக்கிட்டு இருந்தேன்.