டிரைவரின் வில் மெலிந்த கதை

அவளுக்குச் ‘சீவல்’ என்று பேர் வைத்தது கணவர்தான். கல்யாணமான புதிதில் அவர் வேலைக்குக் கிளம்பினால் சட்டைப் பையில் ஒரு மரச்சுருள், காலுறைக்குள் ஒன்று, சாப்பாட்டு டப்பாவின் மூடியிலும் ஒன்று ஒட்டிக்கொண்டு போகும். பஸ் டிப்போவில் மற்ற டிரைவர்கள், “உன் வீட்டுல சமைக்கிறாங்களா, இழைக்கிறாங்களா?” என்று கேட்டுச் சிரித்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர், “ஏய் சீவல், என் மானத்தையும் சேத்துச் சீவிட்டியே!” என்றார். அந்தப் பேர் அப்படியே நின்றுவிட்டது.

சீவல் மத்தியானத்துக்கு மேல் நாற்காலித் தொழிற்சாலையில் கால்களுக்கு உப்புத்தாள் தேய்ப்பவள். காலையில் வில் செய்பவள். சமையலறைக்குப் பின்னால் இருந்த அறைதான் பட்டறை. ஒரே சுவரில் ஒரு பக்கம் துணி துவைக்கும் மெஷின், மறு பக்கம் அவளுடைய மேசை. இரண்டும் பங்காளிகள் மாதிரி. ஒன்று ஓடினால் மற்றதற்கு ஆகாது. மெஷின் துணி பிழியும்போது மேசை அதிரும், மரம் சீவும் சுரண்டி தடம் மாறும். அதனால் காலையில் துணி போடக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம்.

அவள் செய்வது ஆள் உயர வில். ஒரே மரத்துண்டிலிருந்து எடுத்தது. ஒட்டு கிடையாது, இரும்பு கிடையாது. வில்லுக்கு முதுகும் வயிறும் உண்டு. இலக்கைப் பார்க்கும் பக்கம் முதுகு, எய்பவரைப் பார்க்கும் பக்கம் வயிறு. முதுகில் மரத்தின் ஒரே ஆண்டு வளையம் நுனி முதல் நுனி வரை அறுபடாமல் ஓட வேண்டும். அதில் கீறல் பட்டால் வில் என்றைக்காவது ஒருநாள் அந்த இடத்தில்தான் வெடிக்கும். எனவே முதுகைத் தொடவே கூடாது, சுரண்டுவதெல்லாம் வயிற்றில்தான்.

சுவரில் அடித்த கட்டை மேல் வில்லின் நடுவை உட்கார வைத்து, நாணில் மாட்டிய கயிற்றைக் கீழே ஒரு கப்பி வழியாக இழுத்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் தள்ளி நின்று பார்ப்பாள். இரண்டு பாதியும் ஒரே மாதிரி வளைகிறதா? ஒரு பாதி வளையாமல் முறைத்துக்கொண்டு நின்றால் அதன் வயிற்றில் சுரண்டியால் நாலு இழுப்பு. கூடிப்போனால் மற்ற பாதியில் நாலு. குரங்கு அப்பம் பங்கு வைத்த கதைதான். நியாயம் பார்த்துப் பார்த்தே பெரிய ஆள் வில் பிள்ளை வில்லாகிப் போனதும் உண்டு. எடுத்த மரத்தைத் திரும்ப வைக்க முடியாது.

அவள் செய்ததில் உடையாமல் நின்ற முதல் வில்லை டிரைவர்தான் வைத்திருந்தார். அதற்கு முந்தியவை எல்லாம் ‘படார்’ என்று போனவை. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஊருக்கு வெளியே மைதானத்துக்குப் போவார்கள். வில் அவள் பொறுப்பு, அம்பு அவர் பொறுப்பு. வைக்கோல் இலக்கின் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் நின்று எய்துகொண்டே, வாரம் முழுக்கப் பேசாமல் விட்டதையெல்லாம் பேசித் தீர்ப்பார்கள்.

பல்பு மாற்ற ஏறிய ஏணியிலிருந்து டிரைவர் விழுந்து தோள்பட்டை போனதும் அது நின்றது. கட்டுப் பிரித்தபின் பஸ் ஓட்ட முடிந்தது. வில்லை மட்டும் நெஞ்சளவுகூட இழுக்க முடியவில்லை.

“வேற ஒண்ணு செஞ்சு தரேங்க. கொஞ்சம் இளசா.”

“பாப்பா வில்லா? இதை இழுக்க முடிஞ்சா வரேன். இல்லேன்னா நீ போயிட்டு வா.”

அவள் தனியாகப் போனாள். பக்கத்தில் ஆள் இல்லாமல் எய்வது, எதிர்முனையில் யாரும் எடுக்காத போனில் பேசுவது போல் இருந்தது. மூன்றாவது வாரம் பாதியில் திரும்பிவிட்டாள். மறுநாள் அவர் காலை ஷிப்டுக்குப் போனதும், சுவரில் தொங்கிய அவருடைய வில்லை இறக்கி, வயிற்றில் சில இழுப்பு சுரண்டினாள். பழைய நிறம் வரும்வரை எண்ணெய் தேய்த்து மாட்டினாள். வில்லின் முதுகைத் தொடவில்லை. டிரைவரின் முதுகுக்குப் பின்னால் செய்தாள், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு அவர் சும்மா இழுத்துப் பார்த்தார். நெஞ்சுவரை வந்தது.

“ஏய், வருதுடீ!”

“நான்தான் சொன்னேனே, கை தேறிடும்னு.”

வாரம் ஒரு தடவை அவள் சுரண்டினாள், வாரம் ஒரு தடவை அவர் தேறினார். நெஞ்சு தாண்டி, தாடை தாண்டி, காதுவரை வந்தது நாண். டிப்போவில் சட்டையைத் தூக்கித் தோளைக் காட்டாத ஆள் பாக்கியில்லை. திரும்ப மைதானத்துக்கு வந்தார். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே ஒரு சந்தேகமும். இவர் கையை நான் தேற்றுகிறேனா, இல்லை ஏமாற்றுகிறேனா?

ஆனால் ஒன்றை மறந்துவிட்டாள். அம்பு நேரே போவதில்லை. வில்லை உரசி நெளிந்துதான் வெளியே போகும். அந்த வில்லின் வலுவுக்கு ஏற்றாற்போல் நெளியும்படி டிரைவர் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய அம்புகள் அவை. வில் இளைத்தது, அம்பு இளைக்கவில்லை. நெளிய மறுத்து, விறைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் இடப்பக்கமாக ஒதுங்கியது.

“கண்ணு போச்சு சீவல்,” என்றார் டிரைவர் முகம் வாடி. “கை வந்துச்சு, கண்ணு போச்சு. கண்ணு போனா பஸ்ஸும் போச்சு.”

அவள் ஒதுங்கிப்போன அம்புகளைப் பொறுக்கப் போனாள்.

டிரைவரின் தங்கை மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். அண்ணனை உட்கார வைத்து எல்லா எழுத்தையும் படிக்க வைத்தாள். அன்று சாயங்காலம் கூடவே வீட்டுக்கும் வந்தாள்.

“அண்ணி, இவருக்குக் கழுகுக் கண்ணு. கடைசி வரிக்குக் கீழ அச்சடிச்ச கம்பெனி பேரையும் படிக்கிறாரு. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்னு சொல்லுவாங்க. எய்தவரு நல்லாத்தான் இருக்காரு. அம்பு கோணலா அண்ணே?”

“ஒவ்வொண்ணா உருட்டிப் பாத்துட்டேன். கோணல் இல்ல.”

“அப்போ பழமொழி அவ்வளவுதான். வில்லைப் பத்தி அதுல ஒண்ணும் இல்ல.”

டிரைவர் மெதுவாகத் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். எழுந்து போய் வில்லைக் கட்டையில் ஏற்றி, கொக்கித் தராசை மாட்டி இழுத்தார். முள் பழைய இடத்துக்கு வெகு கீழேயே நின்றது. திரும்ப இழுத்துப் பார்த்தார்.

“சீவல், இந்த வில்லு டயட்ல இருக்கா?”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. “முதுகைத் தொடலைங்க. வயித்துல மட்டும்தான்…”

“வயித்துல அடிச்சிட்டு, முதுகைத் தொடலைங்கிறா!” என்று தங்கையிடம் சொன்னார். பிறகு குரல் இறங்கியது. “டிப்போ பூரா காட்டினேனே தோளை.”

அன்றிலிருந்து அவளோடு பேச்சு நின்றது. தங்கைக்குப் போன் போட்டு, “உங்க அண்ணிகிட்ட சொல்லு, என் சாவி எங்கன்னு” என்பார். அவள் சாவியைக் கொண்டுவந்து முன்னால் வைப்பாள். அந்த வாரம் அவள் எதையும் சுரண்டவில்லை. யாருக்காகச் செய்தேன் என்று யோசித்தபடியே இருந்தாள். அவருக்காக என்றால் கேட்டுச் செய்திருக்கலாமே. பக்கத்தில் ஆள் இல்லாமல் நிற்க முடியாதது அவளுக்குத்தான். அதற்குக் கொடுத்த விலை அவருடைய வில்.

ஞாயிறு காலை தங்கையே வந்துவிட்டாள். “தூது போய்ப் போய் என் போன்ல சார்ஜே நிக்கல. அண்ணே, பொய் வில்லை இழுத்தேன், பொய் வில்லை இழுத்தேன்னு புலம்புறியே, நிஜ வில்லை எப்போ இழுத்துப் பாத்த?”

ரோஷம் வந்துவிட்டது டிரைவருக்கு. மேசையில், வேறு யாரோ கேட்டுச் செய்து முடித்த வில் ஒன்று இருந்தது. அவருடைய பழைய வில்லின் அதே வலு. நாண் ஏற்றி, மூச்சுப் பிடித்து இழுத்தார். நெஞ்சில் தடங்கியது. தாடையில் நடுங்கியது. காதுக்கு ஒரு விரல் முன்னால் வந்து நின்றது.

“அம்பில்லாம விட்டுடாதீங்க, உடைஞ்சிடும்!” என்று கத்தினாள் சீவல்.

“தெரியும்டீ,” என்று மெதுவாகத் தளர்த்தினார். ஒரு வாரத்துக்குப் பிறகு அவளிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான். சொன்ன பிறகுதான் இருவருக்குமே தெரிந்தது.

பொய் வில்லை இழுத்து இழுத்தே தோள் நிஜமாகத் தேறியிருந்தது. இப்போது மெலிந்து நின்றது அந்த வில் மட்டும்தான்.

அவர் அதை எடுத்துத் தடவினார். “திருப்பி வைக்க முடியாது, இல்ல?”

“முடியாது. ஆனா ரெண்டு நுனியையும் அறுக்கலாம். நீளம் குறைஞ்சா வலு ஏறும்.” கொஞ்சம் தயங்கினாள். “பழைய மரம். உடைஞ்சாலும் உடையும். நீங்க சொன்னாதான் தொடுவேன். வேண்டாம்னா அம்பை இழைச்சுக்கலாம்.”

டிரைவர் வில்லின் நுனி முதல் நுனி வரை கண்ணை ஓட்டினார். தங்கை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சீவல் கையைக் காட்டி அடக்கினாள்.

“அறு,” என்றார் கடைசியில். “நான் பிடிச்சுக்கிறேன்.”

அவர் பிடிக்க, அவள் அறுத்தாள். நாணுக்குப் புதுப் பள்ளம் போட்டு, நாணையும் குறுக்கி, வில்லைக் கட்டையில் ஏற்றி, தராசையும் மாட்டினாள். அவர் கப்பிக் கயிற்றை இழுத்தார். அவள் தள்ளி நின்று பார்த்தாள். எங்கேயோ லேசாக முனகியது மரம். தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். முனகல் நின்றது. வில் வளைந்தது, தராசு முள் ஏறியது, பழைய இடத்துக்குச் சற்றே கீழே நின்றது.

“மேல் பாதி கொஞ்சம் முறைக்குதுங்க,” என்றாள் சீவல், தலையைச் சாய்த்தபடி. கை தன்னால் மேசைப் பக்கம் போனது. “ரெண்டே ரெண்டு இழுப்பு…”

டிரைவர் முந்திக்கொண்டார். சுரண்டியை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டு, பட்டனையும் மாட்டினார்.

“முறைச்சா முறைக்கட்டும். நான் சமாளிச்சுக்கிறேன். மைதானத்துக்குக் கிளம்பலாம், வெயில் ஏறுது.”