துரையை எழுப்பாத நாள்

பிராணிகளைத் தூங்க வைக்கும் வேலைக்கு முதல் தகுதி, நமக்குத் தூக்கம் வராதிருப்பது. இராவேலை பார்க்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நேர்கோடு

கண்டிக்கு வெளியே ஓர் ஆய்வுகூடம். முயல்களுக்கு மயக்க வாயு கொடுத்து, மண்டையில் பதித்த கம்பிகள் வழியாக மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்கிறோம். பகலில் லிப்டும் ஏசியும் சேர்ந்து அலைகளைக் கிறுக்கிவிடும். அதனால் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகுதான் எங்கள் வேலை. வாயு கூடக்கூட அலைகள் பெருத்து, மெதுவாகி, விட்டுவிட்டு வெடித்து, கடைசியில் நேர்கோடாகிவிடும்.

முதல் தடவை அந்தக் கோட்டைப் பார்த்ததும் செத்துவிட்டதென்று நினைத்து, முயலின் முகத்தில் துணியைப் போர்த்தினேன். யாழ்ப்பாணத்து டாக்டர் மிஸ் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "உயிர் கிடக்கு அண்ணை. வாயுவைக் குறையுங்கோ, நீங்கள் அழுது முடிக்க முந்தி எழும்பிடும்."

எழும்பியது. யாரையும் ஏறெடுத்துப் பார்க்காமல் தின்றது. தேயிலைத் தோட்டத்தில், துரைமார்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதற்குத் துரை என்று பெயர் வைத்தேன்.

தலைக்குள்ளே

ஒரு வாயு வேறு மாதிரி. முயல் அசையாமல் கிடக்கும். திரையில் மட்டும் வலிப்பு வந்ததுபோல ஊசி ஊசியாக அலைகள் குத்தும். வாசலில் காவலிருக்கும் திகன ஊர் பாரூக் நானா எட்டிப்பார்த்து, கனவு காணுதா என்றார். இல்லை, வலிப்பு மாதிரி, வெளியே தெரியாது என்றேன்.

கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "ஒடம்பு சும்மா கெடக்குது, தலைக்குள்ள மட்டும் கலவரம். திகனயில எங்கட கடைகள எரிச்ச பொறகு நாங்களும் கொஞ்ச காலம் இப்பிடித்தான் தூங்கின, தம்பி."

கூடு

கடைசிப் பதிவு முடிந்த முயலை எழுப்புவதில்லை என்பது விதி. துரையின் முறை வந்தது. "கட்டுகஸ்தோட்டையில, வீட்ல கூடு அடிச்சு வச்சிருக்கேங்க மிஸ். நான் கொண்டு போயிர்றேன்" என்றேன்.

மிஸ் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் பரவாயில்லை. "கம்பி சரியான இடத்திலை நிண்டதோ எண்டு மூளையை வெட்டிப் பாக்கவேணும். அது உங்கட கூட்டிலை இருந்தா, நான் என்னத்தை எழுதுறது அண்ணை?"

பழக்கம்

அன்று துரையின் காது என் உள்ளங்கையில் சூடாக இருந்தது. அலைகள் பெருத்தன, மெதுவாகின, வெடித்தன, கோடு நேரானது. இத்தனை காலப் பழக்கம். வாயுவைக் குறைக்க என் கை தானாகக் குமிழை நோக்கிப் போனது.

மிஸ் என் மணிக்கட்டைப் பிடித்தார். "இண்டைக்கு அதைத் தொடாதேங்கோ அண்ணை."

துரைக்கு அடித்த கூட்டில் இப்போது மனைவி வெங்காயம் வைத்திருக்கிறாள். பகல் முழுக்கத் தூக்கம் வராமல் அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதற்குத்தான் எனக்கு இராவேலை.