இரண்டு தம்ளர் தண்ணீர்

காலையில் ஒரு தம்ளர், மத்தியானச் சோற்றோடு ஒரு தம்ளர். தாராவியில் பதினோரு வருஷமாகப் பை தைக்கும் மாரிசெல்வி வேலை நாளில் குடிக்கும் தண்ணீர் அவ்வளவுதான். பட்டறையில் கக்கூஸ் கிடையாது. பொதுக் கழிப்பறைக்குப் போய், வரிசையில் நின்று, திரும்பிவர இருபத்தைந்து நிமிஷம் ஆகும். தையலுக்கு வரும் பெண்கள் முதல் வாரத்திலேயே தாகத்தை அடக்கப் பழகிவிடுவார்கள்.

போன மழைக்காலத்தில் நாலு மாசம் சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தவளை ஆஸ்பத்திரியில் தந்த மனச்சோர்வு மாத்திரைதான் எழுப்பி உட்காரவைத்தது. கூடவே வாயும் வறண்டது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அடிக்கடி கொஞ்சம் தண்ணீர் குடிக்கச் சொன்னார் டாக்டர். குடித்தாள். வேலைக்கு நடுவே அடிக்கடி எழுந்து கழிப்பறைக்கு ஓடவும் வேண்டியிருந்தது.

"என்னக்கா, மறுபடியும் சவாரியா?" என்றாள் பக்கத்து மெஷின் பிரேமலதா. "சேட்டு ஒங்களுக்கு அங்கனயே ஒரு மெஷின் போட்டுத் தரப்போறாரு, பாருங்க."

பட்டறை முதலாளி சேட் சிரிக்கவில்லை. இனி சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் எழுந்தால் மறுநாள் வரவேண்டாம் என்றார்.

தாகம் மாத்திரையால்தானே? மாரிசெல்வி மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

மூன்றாம் நாள், தலையைத் திருப்பும்போதெல்லாம் மண்டைக்குள் கரண்ட் அடித்தது. காரணமில்லாமல் அழுகை வந்தது. ஊசி விரலில் இறங்கியது.

"நல்லாத்தானட்டி இருந்த?" என்ற புருஷன் சுடலைக்கண்ணன், பிரிக்காத மாத்திரை அட்டையைப் பார்த்ததும் மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

"யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?" என்று டாக்டர் இந்தியில் கேட்டார்.

"பாத்ரூம்" என்றாள். டாக்டருக்குப் புரியவில்லை. சுடலைக்கண்ணன்தான் விளக்கினான்.

"இதை ஏன் முதல்லயே சொல்லலை?"

"நீங்க கேக்கலையே" என்றாள் மாரிசெல்வி.

திடீரென்று நிறுத்தியதால்தான் தலைக்குள் அந்த அடி என்றார் டாக்டர். அதே மாத்திரையை மறுபடி தொடங்க வேண்டும். வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொள்ளலாம், சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லலாம், நாக்கு நனைகிற அளவு மட்டும் தண்ணீர் குடிக்கலாம். இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் மெல்ல வேறு மாத்திரைக்கு மாற்றுவார்.

வெளியே வந்ததும் சுடலைக்கண்ணன் சொன்னான்: "வேலைய விட்டுருட்டி."

"விட்டுட்டு? சுவத்தப் பாக்கவா?"

சனிக்கிழமை சாப்பிட்டு, மாத்திரை போட்டு, கன்னத்தில் கிராம்போடு மெஷினில் உட்கார்ந்தாள். பன்னிரண்டு மணி வரை தாங்கினாள். பிறகு, சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே, கழிப்பறைக்குப் போக எழுந்தாள். பிரேமலதா குனிந்த தலை நிமிரவில்லை.

திங்கட்கிழமை மாரிசெல்வியின் மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்தாள். மாரிசெல்வி மாத்திரையை விடவில்லை. டாக்டர் சொன்ன இரண்டு வாரம் முடிகிற பதினெட்டாம் தேதி மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.