எனக்கு மட்டும் காட்டாத படம்

எங்கள் மையத்தில் யாரையும் திடுக்கிட வைக்கக் கூடாது. அது எழுதி ஒட்டாத சட்டம். தேனியில் எங்கள் பல்கலைக்கழகத்தில் படிக்கிற ஆட்டிசம் உள்ள மாணவர்களுக்கான உதவி மையம் அது. பழைய விடுதிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மூன்று அறைகள். அங்கே ஒரு மின்விசிறியைக் கழற்றி வேறொன்று மாட்டுவதென்றால்கூட மாணவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவோம். வாயால் மட்டும் சொன்னால் போதாது. மனசு கலங்கும் நேரத்தில் வாய்ச்சொல் நிற்காது. அதனால் கைப்பேசியில் படம் எடுத்து, வரிசையாக அட்டையில் ஒட்டி, ஒவ்வொருவர் கையிலும் கொடுப்போம். முதல் படத்தில் பழைய விசிறி, அடுத்ததில் ஏணியோடு எலக்ட்ரீஷியன், கடைசியில் புது விசிறி. நடக்கப் போவது இன்னதென்று கையில் இருந்துவிட்டால் அவர்கள் தாங்கிக்கொள்வார்கள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் என் தோழி முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ள ஆசைப்பட்டபோது அதற்கும் ஒரு அட்டை போட்டோம். மாணவர்களுக்கு ஒரு வாரம் முன்பே தெரிந்துவிட்டது. அவள் புருஷனுக்கு, வெட்டிக்கொண்டு வீட்டுப் படியேறின பிறகுதான் தெரியும். மனுஷன் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தாராம். "அவருக்கும் ஒரு அட்ட போட்டுக் குடுத்துருக்கலாம்ல" என்று நான் அவளைப் பல நாள் கிண்டல் செய்திருக்கிறேன்.

இந்த அட்டை வேலையை மையத்துக்குக் கொண்டுவந்தது நான். நான் அங்கே சிறப்பாசிரியை. தோழிக்கு எப்படிப் படம் எடுக்க வேண்டும், எதை முதலில் வைக்க வேண்டும், முகம் எங்கே தெரிய வேண்டும், எங்கே தெரியக் கூடாது என்றெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். அவள் என்னைவிட நன்றாகவே செய்யப் பழகினாள். பண்ணைப்புரத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். நான் பழனிசெட்டிபட்டி, பக்கம்தான். மதியம் இரண்டு பேர் டிபன் பாக்ஸையும் சேர்த்துத் திறப்போம். என் வீட்டுச் சோறு, அவள் வீட்டுக் குழம்பு. என் மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் என் வேலையையும் சேர்த்துப் பார்த்தவள் அவள்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் தலைவர் மனோதத்துவப் பேராசிரியர். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். கெட்ட செய்தியைக்கூடக் கல்யாணத்துக்கு அழைப்பது மாதிரி சிரித்த முகத்தோடு சொல்வார். வாசலில் இருந்து கதவு, டீ, தண்ணீர் எல்லாம் பார்த்துக்கொண்டவர் பொட்டிப்புரத்து அக்கா ஒருவர். நாங்கள் நாலு பேரும் ஒரு குடும்பம் என்று மேடை கிடைத்த இடத்திலெல்லாம் சார் சொல்வார். நானும் அதை நம்பித் தொலைத்தேன்.

என்னிடம் இருந்த மாணவர்களில் ஒருத்தியைப் பற்றித்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. உத்தமபாளையத்துப் பெண். பி.காம். அவளுடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, சின்னமனூரில் வாழைக்காய் மண்டி. முதல் வருஷம் தேர்வு அறையைச் சொல்லாமல் மாற்றிவிட்டார்கள். பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதது. அதைச் சுற்றி நின்று யாரோ வீடியோ எடுத்திருக்கிறார்கள். அன்றே அத்தா மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் அவர்கள் வீட்டுக்குப் போய், ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து பேசித்தான் திருப்பிக் கூட்டிவந்தேன்.

"ஒங்க வார்த்தைய நம்பி விடுறேன் டீச்சர்" என்றார். "ஆனா இன்னொரு தடவ பிள்ள அழுதுச்சுன்னா, இல்ல அங்கன யாராச்சும் எங்கள ஏமாத்துறாகன்னு தெரிஞ்சுச்சுன்னா, அன்னையோட படிப்ப நிப்பாட்டிருவேன். அதுக்கப்புறம் நீங்க வந்து கேட்டாலும் விட மாட்டேன்."

சொன்னால் செய்கிற மனிதர். தினமும் அவரே வண்டியில் மகளைக் கொண்டுவந்து, உள்ளே வந்து எனக்கு ஒரு சலாம் சொல்லிவிட்டுத்தான் போவார். அதனால் அந்தப் பெண் கடைசி வருஷத்துக்கு வந்து சேர்கிற வரைக்கும் எனக்கு நிம்மதி கிடையாது. அவள் கெட்டிக்காரி. கணக்கில் அவளை மிஞ்ச அந்த வகுப்பில் ஆள் கிடையாது. பட்டம் வாங்கிவிட்டால் மண்டிக் கணக்கு முழுக்கத் தானே பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள். ஏப்ரல் தேர்வை எழுதி முடித்துவிட்டால் போதும். நானும் அவளும் அந்த ஒன்றைக் குறிவைத்துத்தான் ஓடிக்கொண்டிருந்தோம்.

மார்கழியில் ஒருநாள், பாடம் முடிந்து பேனாக்களை நிறவாரியாகப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே சொன்னாள்:

"மிஸ், பொங்கல் லீவு முடிஞ்சு வர்ற திங்கக்கெழம நீங்க வர மாட்டீக."

கேள்வி கேட்கிறாள் என்று நினைத்தேன். "வருவேன்மா. எனக்கு லீவு ஒண்ணும் இல்ல."

"இல்ல மிஸ். வர மாட்டீக. வேற மிஸ் வருவாக. மஞ்சத் துப்பட்டா. ஒங்க நாற்காலியிலதான் உக்காருவாக."

அவள் விளையாட்டுக்குக்கூட இல்லாததைச் சொல்கிறவள் இல்லை. யார் சொன்னது என்று கேட்டேன். பேச்சு மிஸ் என்றாள். எப்போது என்றேன். "நீங்க கம்பம் போன அன்னைக்கி." போன வாரம் கம்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களுக்கு வகுப்பெடுக்கச் சொல்லி சார் என்னை அனுப்பியிருந்தார். திராட்சைத் தோட்டங்களைப் பார்த்தபடி சந்தோஷமாகப் போய்வந்தேன். திரும்பும்போது இவர்களுக்கென்று பன்னீர் திராட்சை ஒரு பை வாங்கிவந்து, கழுவி எல்லோருக்கும் கொடுத்தேன். மூன்று பேரும் தின்றார்கள்.

நான் நம்பவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, அவளே பையிலிருந்து அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். முதல் படத்தில் நான் அவளோடு உட்கார்ந்து கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். மூன்றாவதில், அறிமுகமில்லாத இளம்பெண் ஒருத்தி மஞ்சள் துப்பட்டாவோடு என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். நடுவில் இருந்த படம்தான் என்னைக் கொன்றது. பல்கலைக்கழக வாசலைத் தாண்டி நான் வெளியே நடந்து போகிறேன். முதுகு மட்டும் தெரிகிறது.

அந்தப் படம் எடுத்தது எனக்கு நினைவிருந்தது. "சேல அம்புட்டு அழகா இருக்கு, திரும்பாம அப்பிடியே நட, பின்னாடியிருந்து ஒண்ணு எடுக்கேன்" என்றாள் தோழி. நானும் வெட்கப்பட்டுக்கொண்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு நடந்தேன். போகிறவர்களை அட்டையில் முதுகு தெரியத்தான் காட்ட வேண்டும் என்பது நான் சொல்லிக்கொடுத்த பாடம். முகம் தெரிந்தால், போனவர் திரும்பி வருவதாக மாணவர்கள் நினைத்துவிடுவார்கள்.

என் வேலை போகப் போகிறது என்பது மாணவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. காதும் காதும் வைத்த மாதிரி என்னிடம் மட்டும் மறைத்திருந்தார்கள். மாணவர்களுக்குச் சொல்லாமல் இருக்க அவர்களால் முடியவில்லை. அத்தனை வருஷப் பழக்கம் விடவில்லை. ஆனால் அந்த மாணவர்கள் ரகசியம் காக்கிறவர்கள் இல்லை என்பதை, அதையே தொழிலாகக் கொண்டவர்கள் மறந்துபோனார்கள். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

வெளியே வந்தேன். வாசலில் இருந்த அக்கா என் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "நாஞ் சொல்லத்தான் நெனச்சேன் டீச்சர். சாரு வாயத் தெறக்கக் கூடாதுன்னாக" என்றார். அந்தப் புதுப்பெண்ணுக்கு டீ போட்டுக் கொடுத்ததும் அவர்தான்.

தோழி தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணிடம் கேட்டு வாங்கிவந்த அட்டையை நீட்டினேன். அவள் குழாயை மூடாமலேயே அதைப் பார்த்தாள்.

"பிள்ளைகளுக்கு முன்னாடியே சொல்லணும்ல" என்றாள். "நீதான சொல்லிக் குடுத்த."

"எனக்கு?"

"ஒனக்குச் சொன்னா நீ அன்னைக்கே தூக்கிப் போட்டுட்டுப் போயிருவ. ஒங் கோவம் எனக்குத் தெரியாதா? அப்புறம் அந்தப் பிள்ளைக கதி என்னாகுறது?" என்றவள், குரலைத் தணித்து, "சார்தான் சொல்ல வேணாம்னாக. எனக்கும் வேல வேணும்ல" என்றாள்.

கடைசியில் சொன்னதை மட்டும் முதலிலேயே சொல்லியிருந்தால் நான் அவளை மன்னித்திருப்பேன். பிள்ளைகளைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் எனக்கு ஆறவில்லை.

சார் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். புது விதிப்படி என் பதவிக்கு மேல்படிப்பு வேண்டுமாம். எனக்கிருப்பது டிப்ளமோ. மேலிடத்து முடிவாம். "கடைசி வரைக்கும் நீங்க நிம்மதியா வேலை பாக்கணும்னுதான் சொல்லல. உங்க நல்லதுக்குத்தான்" என்றார், அதே சிரித்த முகத்தோடு. விதி மாறியது அவர் தப்பில்லை. அது எனக்கும் புரிந்தது. "சார், ஒரு விசிறிக்குக் குடுத்த மரியாதைய எனக்குக் குடுத்திருக்கலாம்" என்றேன். அவர் மேஜைமேல் இருந்த பேப்பர்வெயிட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அன்றைக்கே கிளம்பிப் போயிருக்க வேண்டும். மானமுள்ளவள் போயிருப்பாள். ஆனால் அட்டையில் பொங்கல் வரைக்கும் நான் இருக்கிறேன். அந்தப் பெண் அதைத் தினமும் எடுத்துப் பார்க்கிறாள். நாளைக்கே நான் வராமல்போனால் அட்டை பொய்யாகிவிடும். அவள் தரையில் உட்கார்ந்துவிடுவாள், அவள் அத்தா வண்டியைத் திருப்பிவிடுவார், ஏப்ரல் தேர்வு போய்விடும். இது எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். என்னைக் கட்டிப்போட வேறு கயிறு தேவையில்லை என்று தெரிந்துதான் வைத்திருந்தார்கள்.

போனேன். தினமும் போனேன். தோழியின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டேன். அந்தப் பெண்ணின் பழக்கங்களையெல்லாம் வருகிறவளுக்காகத் தோழியிடம் சொல்லிவைத்தேன்: சிவப்பு மையில் திருத்தக் கூடாது, பின்னால் நின்று பேசக் கூடாது, விடை வர நேரமானால் அவசரப்படுத்தக் கூடாது. அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டாள்.

கடைசி நாள் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். குடும்பத்திலிருந்து ஒருவர் பிரிவதாக சார் பேசினார். தோழி அழுதாள். உண்மையாகவே அழுதாள், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அந்தப் பெண் மட்டும் அழவில்லை. "சரி மிஸ், போயிட்டு வாங்க" என்றாள், அட்டையில் இருந்தபடியே எல்லாம் நடக்கிற நிம்மதியோடு.

அந்தத் திங்கட்கிழமை வீட்டில் இருந்தேன். கைப்பேசியை அடுப்படி மேடையில், கண்ணில் படுகிற மாதிரி வைத்திருந்தேன். பிள்ளை உள்ளே வரமாட்டேன் என்கிறது, நீங்கள் வந்தால்தான் ஆகும் என்று கூப்பிடுவார்கள் என்று என் மனசின் ஒரு ஓரம் காத்துக்கொண்டிருந்தது. அவள் அழ வேண்டும் என்றுகூட நினைத்துவிட்டேன். நினைத்த உடனே என் மீதே அருவருப்பாக இருந்தது.

மத்தியானம் அவளுடைய அத்தாதான் கூப்பிட்டார்.

"டீச்சர், பிள்ள நல்லபடியாப் போயி உக்காந்துருச்சாம். அழுக ஒண்ணும் இல்லையாம். ஒங்கட்டச் சொல்லணும்னு தோணுச்சு."

"ரொம்ப சந்தோசம்ணே" என்றேன். அது பொய்யில்லை.

அவர் போனை வைக்கவில்லை. "முந்தியே பேசிருக்கணும். எனக்குத்தான் மனசு கேக்கல. கடசி வருசத்துல இப்பிடி விட்டுட்டுப் போறாகளேன்னு இருந்துச்சு. பெரிய எடத்துல வேல கெடச்சு நீங்களாவே எழுதிக் குடுத்துட்டீகன்னு பேச்சு டீச்சர் சொன்னாக. அதான் ஒங்க மொகத்துல முழிக்கவே சங்கடமா இருந்து, வெளிய வச்சே பிள்ளைய எறக்கிவிட்டுட்டு வந்துட்டேன். பொறவு யோசிச்சேன். எங்களுக்காக நீங்க காலம் பூரா அங்கனயே கெடக்க முடியுமா?"

கொஞ்ச நாளாக அவர் உள்ளே வந்து சலாம் சொல்லாமல் போனதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. உண்மை என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. என்னை விரட்டிவிட்டார்கள் அண்ணே, உங்களிடமும் பொய் சொல்லியிருக்கிறார்கள் என்று ஒரு வரி சொன்னால் போதும். சொன்னால் நாளைக்குக் காலையில் அந்த வண்டி தேனிக்கு வராது. ஏமாற்றுகிற இடத்தில் மகளை விடமாட்டேன் என்பார். அவர் சொல்வதும் நியாயமாகத்தான் இருக்கும். தோழிக்கு என் கோபம் தெரிந்ததைவிட, நான் இதைச் சொல்ல மாட்டேன் என்பது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

"ஆமாண்ணே" என்றேன். "நல்ல வேல. விட மனசில்ல."

"எந்த ஊரு டீச்சர்?"

"மதுரைண்ணே."

"தெனமும் போயிட்டு வர அலைச்சலால்ல இருக்கும்?"

"பழகிரும்ணே."

அந்த வேலையில் நான் நல்லா இருக்க வேண்டும் என்று தொழுகையில் துவா கேட்பதாகச் சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.