கைப்பைக்குள் போன கிளினிக் கொப்பி

அண்ணைக்குப் பல் பிடுங்கிய அன்று அவருடைய சீனி வருத்தக் கிளினிக் கொப்பி, அதுதான் நீரிழிவுக் கணக்கும் மருந்தும் எழுதிய கொப்பி, என் கைப்பைக்குள் இருந்தது. ஒளித்தது நான்தான்.

குருநகரில் கடலுக்குப் போகிற மனிதர். கையில் மீன்முள் ஏறினாலும் கணக்கெடுக்காதவர், கடைவாய்ப் பல்லுக்கு மூன்று நாளாகத் தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு இருந்தார். எங்கள் பக்கத்தில் ஒரு கெட்டித்தனம் உண்டு. இரத்தத்தில் சீனி கூடுதல் என்று தெரிந்தால் பல்லைப் பிடுங்காமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஆகவே கொப்பியைக் காட்டக்கூடாது. சீனிக் கிளினிக்கிலோ பல்லைப் பற்றி மூச்சும் விடமாட்டோம். வாயும் இரத்தமும் ஒரே உடம்பில்தான் இருக்கின்றன என்பது படித்த எனக்கும் உறைக்கவில்லை.

அண்ணை கொப்பியோடுதான் வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் நான் பறித்தேன்.

"உந்தக் கொப்பியைக் காட்டினா இண்டைக்கும் நோவோடைதான் வீட்டை போவியள்."

"கேட்டா என்ன சொல்லுறது?"

"நான் கதைக்கிறன். நீங்கள் பேசாமல் இருங்கோ."

பல் வைத்தியர் கேட்கத்தான் செய்தார், சீனி, பிறஷர் ஏதும் இருக்கோ என்று. "ஒண்டும் இல்லை, டொக்டர்" என்றேன், கூசாமல்.

நாலாம் நாள் தாடை வீங்கி, வீக்கம் கழுத்துக்கு இறங்கியது. அதே ஆஸ்பத்திரியில் கட்டில் கொடுத்தார்கள். சீனி வைத்தியர், சத்திரசிகிச்சை வைத்தியர், தாதி, அந்தப் பல் வைத்தியர் எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்று, நான் எடுத்துக் கொடுத்த கொப்பியை ஒன்றாகப் பார்த்தார்கள். ஒருவர் ஊசி மருந்தின் அளவைச் சொல்ல, மற்றவர் வாயைப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னார். எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது. முதல் நாளே இவர்கள் கைக்குப் போயிருக்க வேண்டிய கொப்பி அது.

பல் வைத்தியர் என் பக்கம் திரும்பினார். "அக்கா, நான் உங்களிட்டைக் கேட்டனான் எல்லோ?"

 அண்ணையின் வாய் ஒரு விரலளவுக்கு மேல் திறக்காது. அந்த இடைவெளிக்குள்ளால் சொன்னார்: "அவளை ஏசாதேங்கோ. நான்தான் மறைக்கச் சொன்னனான்."

பின்னேரம் மூச்சுக்குக் குழாய் போட்டார்கள். அதற்குப் பிறகு அண்ணை கதைக்கவில்லை. அதிலிருந்து மூன்றாம் நாள் மாதா கோயிலில் அண்ணைக்குத் துக்கமணி அடித்தது.

செத்தவீட்டில் ஆளுக்காள் சொன்னார்கள், "பிடிவாதக்காரன், வருத்தத்தை மறைச்செல்லோ பல்லுப் பிடுங்கினவன்" என்று. நான் அவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன்.