யன்னலைத் திறக்கச் சொல்லத் திருகோணமலைக்குப் போனேன்

திருகோணமலைக்குப் போகிறவர்கள் கடல் பார்க்கப் போவார்கள். நான் சுவரில் ஒரு கடதாசி ஒட்டப் போனேன். எழுபதுகளின் கடைசி, ஆடி மாதம். கொழும்பில் ஒரு திணைக்களத்தில் எழுதுவினைஞர் வேலை எனக்கு. எனாமல் பெயிண்ட், தின்னர் ஆவி உடம்புக்குக் கூடாது, உள்ளே அடிக்கும்போது யன்னல்கள் திறந்திருக்க வேண்டும் என்று மேலிடம் ஒரு விதி போட்டிருந்தது. அதை வேலைத்தளத்தில் ஒட்டி, பெயிண்டரிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும்.

காலை ஐந்தரைக்குப் பஸ். ஏறக்குறைய 160 மைல். தம்பலகாமத்தில் டயர் காற்றுப் போய் ஒரு மணித்தியாலம் வெயிலில் நின்றோம். மூன்று மணிக்கு இறங்கியபோது முதுகு விட்டுப்போயிருந்தது. அந்தக் காலத்து டிக்கெட் விலை உங்களுக்கு உதவாது, விடுங்கள்.

துறைமுகத்தை ஒட்டி ஒரு முதலாளி கட்டிய விடுதி. கதவைத் திறந்ததுமே கண் எரிந்தது. எல்லா யன்னலும் சாத்தி, வாசலில் ஈரச் சாக்கு தொங்கியது. உள்ளே ஏணியில் பெயிண்டர் ஜபார் நின்றார். கின்னியாப் பக்கம் குறிஞ்சாக்கேணிக்காரர், 'பாதை' என்கிற மிதவைப் படகில் தினமும் துறை கடந்து வேலைக்கு வருகிறவர். நான் விதியை வாசித்தேன்.

"ஓம் சேர், விளங்குது. ஆனா மேக்கால கச்சான் காத்து மண்ணை அள்ளிக்கொண்டு அடிக்குது. திறந்தா மண்ணெல்லாம் ஈரப் பெயிண்டில ஒட்டும். முதலாளி சுரண்டிப்போட்டுத் திரும்ப அடி எண்டுவார்."

"மூடினால்?"

"தல சுத்துது. போன கிழமையும் ஏணியில இருந்து விழப் பாத்தனான். சேர், எனக்கு மட்டும் எழுதினாக் காணாது. கச்சான் அடங்கும் வரைக்கும் உள்ளுக்கு எனாமல் அடிக்க ஏலாது எண்டு முதலாளிக்கும் எழுதுங்க."

நியாயமான கதை. எழுதுகிறேன் என்றேன். பிறகு விதிப்படி ஒரு யன்னலைத் திறந்து கடதாசியை ஒட்டப் போனேன். காற்று அதை இரண்டு தரம் பிடுங்கி ஈரச் சுவரில் அடித்தது. மூன்றாவது தரம் யன்னலை நானே சாத்திவிட்டு ஒட்டினேன். ஜபார் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் ஆறரை பஸ்ஸில் திரும்பினேன். களைப்பு. அறிக்கையில் ஒரே வரிதான் எழுதினேன்: 'அறிவித்தல் ஒட்டப்பட்டது, கையொப்பம் பெறப்பட்டது.'

இரண்டு மாதம் கழித்து அந்தக் கோப்பு என் மேசைக்கு வந்தது. ஜபார் மயங்கி ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்துவிட்டதாம். விதி தெரிந்தும் யன்னலை மூடினார், ஆகவே நட்டஈடு கிடையாது என்கிறார் முதலாளி. அதற்குச் சாட்சி, நான் வாங்கி வந்த கையெழுத்து. வெட்கமாக இருந்தது. நடந்ததையெல்லாம் நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். காலம் கடந்துவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள்.

போகிறவர்களுக்கு: ஆடி, ஆவணியில் மத்தியானம் அலையாதீர்கள், தண்ணீர் கொண்டுபோங்கள். கின்னியாவுக்கு இப்போது பாலம் இருக்கிறது, துறையில் காத்திருக்கத் தேவையில்லை. விடுதியில் புதுப் பெயிண்ட் மணக்கும் அறை தந்தால் யன்னலைத் திறந்து வையுங்கள், மண் வந்தால் வரட்டும். நான் கடைசியாகப் போனபோது அந்த விடுதியிலேயே தங்கினேன். நான் அன்று சாத்திய யன்னல் பெயிண்ட் இறுகி, எவ்வளவு தள்ளியும் திறக்கவில்லை.